குளோமிஃபீனா, லெட்ரசோலா? நீர்க்கட்டிப் பிரச்சினையோடு குழந்தைக்கு முயல்பவர்களுக்கான இரண்டு மாத்திரைகள்

மாதவிலக்கு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி, ஐந்து நாளைக்குத் தினம் மாத்திரை. ஒன்பது, பத்தாம் நாள் வாக்கில் ஸ்கேன். முட்டை வளர்ந்திருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி ஸ்கேன். வளராவிட்டால் அடுத்த மாதம் அளவைக் கூட்டிப் பார்ப்பது. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் பிரச்சினையோடு குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு மருத்துவம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தொடங்குகிறது. அந்த ஐந்து நாள் மாத்திரையாக மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: குளோமிஃபீன் அல்லது லெட்ரசோல்.

இரண்டும் ஒரே வேலைக்குத் தரப்படுபவை. இரண்டுமே எளிய விலையில் கிடைப்பவை. ஆனால் இரண்டையும் நாம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. குளோமிஃபீன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்பிக்கைக்குரிய பெயர். லெட்ரசோலோ புற்றுநோய் மருந்து என்ற சந்தேகத்தோடு வந்து, இந்தியாவில் சில ஆண்டுகள் தடையையும் சந்தித்துவிட்டுத் திரும்பியது. அந்த நம்பிக்கைக்கும் இந்தச் சந்தேகத்துக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். பழகிய மருந்து என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. வேறொரு நோய்க்கும் தரப்படுகிறது என்பதாலேயே மற்றொன்று ஆகாததாகிவிடாது. குழந்தை நலமாகப் பிறந்ததா, தாய் நலமாக இருக்கிறாளா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டுதான் இரண்டையும் அளக்க வேண்டும்.

மாத்திரை எதற்கு?

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. கல்யாணமாகி ஒரு வருடம் ஓடி, "ஏதாவது விசேஷமா?" என்று நாலு பேர் கேட்கத் தொடங்கிய பிறகு ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த ஸ்கேனில் தெரிபவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். வழக்கமான ஒரு மாதத்தில் சினைப்பையில் பல முட்டைப் பைகள் ஒரே சமயத்தில் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 18, 20 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அந்த ஒன்று முந்துவதில்லை. எல்லாமே 10 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பது, சினைப்பை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரப்பது, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் தேவையான நேரத்தில் தேவையான அளவு உயராமல் போவது ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இந்த நிலையை உண்டாக்குகின்றன.

1935இல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் கதையை மருத்துவ இதழில் எழுதியபோதுதான் இந்த நோய்க்கு ஓர் அடையாளம் கிடைத்தது. அவர்கள் கையாண்ட வழி அறுவை சிகிச்சை: சினைப்பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பது. மாதவிலக்கு சீரானது, இருவர் கருவுறவும் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் வயிற்றைத் திறப்பதைத் தவிர மருத்துவர்கள் கையில் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. மாதத் தொடக்கத்தில் எஃப்எஸ்எச்சைக் கொஞ்சம் தூக்கிவிட ஒரு மாத்திரை போதும் என்ற நிலை வந்தது குளோமிஃபீனால்தான். அந்த மருந்தைக் குறைத்துப் பேசும் எவரும் இந்த நன்றியை மறந்துவிடக் கூடாது.

இரண்டும் வந்த வழி

குளோமிஃபீன் 1956இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மெரல் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. எலிகளுக்குக் கொடுத்தபோது அது கருத்தரிப்பைத் தடுத்ததால், கருத்தடை மருந்தாக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பெண்களிடம் அது நேர்மாறாக வேலை செய்தது. 1961இல் ராபர்ட் கிரீன்பிளாட் குழுவினர் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வெளியிட்ட முதல் அறிக்கையில், மருந்து கொடுத்த 36 பெண்களில் 28 பேருக்கு முட்டை வெளிப்பட்டதற்கான அறிகுறிகள் தெரிந்தன. 1967இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உலகம் முழுக்கப் பரவி, இந்தியாவிலும் மகப்பேறு மருத்துவர் எவருக்கும் யோசிக்காமல் எழுத வருகிற மருந்தாயிற்று.

லெட்ரசோல் வேறு வீட்டிலிருந்து வந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. அந்தப் புற்று வளர ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தீனியாகிறது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைப்பது லெட்ரசோலின் வேலை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூளை எஃப்எஸ்எச்சைக் கூட்டும் என்பது ஏற்கெனவே தெரிந்த உண்மை. அப்படியானால் மாதத்தில் ஐந்து நாள் மட்டும் இதைக் கொடுத்து முட்டையை வளர்க்க முடியாதா என்று டொரண்டோவில் முகமது மித்வாலி, ராபர்ட் காஸ்பர் இருவரும் முயன்று பார்த்து 2001இல் எழுதினார்கள். இன்றுள்ள எல்லாப் பயன்பாடும் அங்கிருந்து கிளைத்ததே.

"இது கேன்சர் மாத்திரையாச்சேம்மா, யாருக்கு?" என்று மருந்துக்கடையில் கேட்டுவிடுகிறார்கள். சீட்டை நீட்டிய பெண்ணுக்குக் கை நடுங்கிப்போகிறது. வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்தால் அதிலும் மார்பகப் புற்றுநோய் என்றுதான் இருக்கும். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்றும் இருக்கும். மருத்துவர் முன்கூட்டியே ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் அந்த இரவின் தூக்கம் கெட்டிருக்காது.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு மிகவும் பெயர் பெற்ற இன்னொரு மருந்து டமாக்சிஃபென். அது குளோமிஃபீனின் நெருங்கிய இரசாயன உறவு. இரண்டின் அடிப்படை மூலக்கூறு அமைப்பும் ஒன்றே. யாரும் குளோமிஃபீனைப் புற்றுநோய் மருந்தின் தங்கை என்று அஞ்சியதில்லை. ஈஸ்ட்ரோஜனோடு விளையாடும் மருந்து எதுவானாலும் அது மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் சேர்த்தே வழி வைத்திருக்கும். எந்த நோய்க்கு முதலில் வந்தது என்பதைக் கொண்டு ஒரு மருந்தின் பாதுகாப்பை முடிவு செய்ய முடியாது. எவ்வளவு அளவில், எந்த நாட்களில், எவ்வளவு காலம் என்பதைக் கொண்டே முடிவு செய்ய முடியும். புற்றுநோய்க்கு லெட்ரசோலை ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு முயல்பவர் சாப்பிடுவது மாதத்துக்கு ஐந்து நாள்.

உடலுக்குள் நடப்பது

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியும், தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும் சென்சாரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டித் தண்ணீர்தான் ஈஸ்ட்ரோஜன், சென்சார் மூளை, மோட்டார் எஃப்எஸ்எச். குளோமிஃபீன் சென்சாரைத் துணியால் சுற்றிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் சென்சாருக்குத் தெரியாது. காலி என்று நினைத்து மோட்டாரைப் போடுகிறது. லெட்ரசோல் சென்சாரைத் தொடுவதில்லை. தொட்டிக்கு வரும் தண்ணீரையே சில நாள் குறைத்து வைக்கிறது. சென்சார் உண்மையைப் பார்த்துத்தான் மோட்டாரைப் போடுகிறது.

தொடக்கத்தில் இரண்டின் பலனும் ஒன்றே, மோட்டார் ஓடும். வித்தியாசம் தெரிவது நிறுத்தும் நேரத்தில். லெட்ரசோல் உடலைவிட்டுப் போனதும் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, மூளை அதைக் கண்டு எஃப்எஸ்எச்சைக் குறைக்கிறது. முந்திய முட்டைப் பை ஒன்று வளர, மற்றவை பின்தங்கிவிடுகின்றன. குளோமிஃபீனிலோ துணி சுற்றிய சென்சார் சீக்கிரம் விழித்துக்கொள்வதில்லை. எஃப்எஸ்எச் கூடுதல் நாட்கள் உயர்ந்தே இருக்கும்; இரண்டு மூன்று முட்டைகள் சேர்ந்து முதிர வாய்ப்பு கூடும். இரட்டைக் குழந்தைகள் குளோமிஃபீனில் சற்று அதிகமாக வருவதன் காரணம் இதுதான்.

லெட்ரசோலின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஏழாம் நாளோடு மாத்திரை முடிந்தால், பதினைந்து பதினாறாம் நாள் வாக்கில் முட்டை வெடிக்கும்போது மிகச் சிறு பங்குதான் மிச்சம் இருக்கும். குளோமிஃபீன் பாதியாக ஐந்து நாளுக்கும் மேல் பிடிக்கும். அதன் ஒரு கூறு ஒரு மாதம் கழித்துக்கூட இரத்தத்தில் தென்படும். குழந்தையின் இதயமும் மற்ற உறுப்புகளும் உருவாகத் தொடங்குவது கருவுற்ற மூன்றாம் வாரம் முதல். கருவின்மேல் மருந்து படுமோ என்ற கவலை நியாயமானதே. அந்தக் கவலையை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், சீக்கிரம் வெளியேறுவது லெட்ரசோல்தான் என்று தெரியும். சந்தேகத்துக்கு ஆளான மருந்து முன்னே கிளம்பிவிடுகிறது, நம்பிக்கை பெற்ற மருந்து நீண்ட நாள் தங்குகிறது.

ஸ்கேன் அட்டை சொல்வது

கருத்தரிப்பு மையத்தில் கொடுக்கும் ஸ்கேன் அட்டையை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாள், வலது சினைப்பை, இடது சினைப்பை, கருப்பை உள்வரி என்று கட்டங்கள். ஒன்பதாம் நாள் வலது பக்கம் எம்எஸ்எஃப் என்று எழுதியிருந்தால் சிறு பைகள் மட்டுமே இருக்கின்றன, எதுவும் முந்தவில்லை என்று அர்த்தம். இடது பக்கம் 11 என்றிருந்தால் அங்கே ஒன்று எழுந்துவிட்டது. பதினோராம் நாள் அது 14, பதின்மூன்றாம் நாள் 18. அதற்கு மேல் வெடிக்க ஊசி போடுவார்கள். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்த எண்களை மதிப்பெண் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

முட்டையின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் உள்வரியின் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. கரு வந்து ஒட்ட வேண்டிய படுகை அது. 7, 8 மில்லிமீட்டருக்கு வந்தால் நல்லது என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். குளோமிஃபீன் மூளையில் மட்டும் ஈஸ்ட்ரோஜனை மறிக்கவில்லை. கருப்பையிலும் கருப்பை வாயிலும் மறிக்கிறது. அதனால் சில பெண்களுக்கு முட்டை 20 மில்லிமீட்டர் வந்தும் உள்வரி 5இலேயே நின்றுவிடும். கருப்பை வாயில் சுரக்கும் நீரும் குறைந்து விந்தணுவின் வழி கடினமாகும். மாதாமாதம் முட்டை வருகிறது, கரு மட்டும் தங்கவில்லை என்று வருந்தும் சிலரின் கதைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். லெட்ரசோல் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனை மறிப்பதில்லை என்பதால், மருந்து விலகியதும் உள்வரி இயல்பாக வளர இடம் கிடைக்கிறது.

முட்டையை எண்ணுவதா, குழந்தையை எண்ணுவதா?

நீண்ட காலம் ஆய்வுகள் முட்டை வெளிப்பட்டதா என்பதையே வெற்றியாகக் கணக்கிட்டன. குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு அது பாதி வழிதான். குழந்தை பிறந்ததா என்று எண்ணத் தொடங்கிய பிறகே இந்தத் துறையின் தீர்ப்புகள் மாறின.

2014 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ரிச்சர்டு லெக்ரோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்தத் திருப்பம். அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குளோமிஃபீன், மறு பிரிவுக்கு லெட்ரசோல் என்று ஐந்து மாதச் சுற்று வரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. லெட்ரசோல் பிரிவில் 27.5 சதவீதம் பெண்களுக்குக் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் பிரிவில் 19.1 சதவீதம். முட்டை வெளிப்பட்ட சுற்றுகள் லெட்ரசோலில் 61.7 சதவீதம், குளோமிஃபீனில் 48.3 சதவீதம். கருவுற்றவர்களில் இரட்டைக் கரு 3.4 சதவீதமும் 7.4 சதவீதமும், இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். அதற்குப் பிறகு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வும் லெட்ரசோல் பக்கமே சாய்ந்தது. 2018இலும் 2023இலும் வெளிவந்த பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டி நெறிகள், வேறு குறையில்லாமல் முட்டை வெளிப்படாதது மட்டுமே தடையாக உள்ள பெண்களுக்கு முதலில் தர வேண்டிய மருந்து லெட்ரசோல் என்று சொல்கின்றன.

ஆனால் அந்த 750 பெண்களின் சராசரி உடல் எடைக் குறியீடு 35 அளவில் இருந்தது. லெட்ரசோலின் மேன்மை எடை கூடியவர்களிடம்தான் நன்றாகத் தெரிந்தது. நம் ஊரில் பிசிஓஎஸ் உள்ள பெண்கள் பலர் அவ்வளவு பருமனானவர்கள் அல்லர். எடைக் குறியீடு 25இலேயே, அதற்குக் கீழேயுமே இன்சுலின் கோளாறு நம்மவர்களுக்கு வந்துவிடுகிறது. எடை குறைந்தவர்களிடம் குளோமிஃபீன் நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு 2017இல் சீனாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு சான்று. அங்கே 1,000 பெண்களின் சராசரி எடைக் குறியீடு 24 அளவுதான். நான்கு சுற்று வரை குளோமிஃபீன் எடுத்தவர்களில் 28.7 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15.4 சதவீதம். இரண்டு நாட்டு ஆய்வுகளின் எண்களையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: லெட்ரசோல் முந்துகிறது, அதனால் குளோமிஃபீன் தோற்றுப்போன மருந்து ஆகிவிடாது. ஏற்கெனவே குளோமிஃபீனில் முட்டை நன்றாக வந்து, உள்வரியும் திருப்தியாக இருக்கும் பெண் பாதியில் பதறி மருந்தை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சமும் தடையும்

2005இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த மருத்துவ மாநாட்டில் ஓர் ஆய்வுச் சுருக்கம் வாசிக்கப்பட்டது. தாய் லெட்ரசோல் எடுத்துப் பிறந்த 150 குழந்தைகளை, பொதுவான பிரசவங்களில் பிறந்த முப்பத்தாறாயிரம் குழந்தைகளோடு ஒப்பிட்டு, இதயக் குறையும் எலும்புக் குறையும் லெட்ரசோல் குழந்தைகளிடம் அதிகம் என்றது அது. ஒப்பீடே கோணல். ஒரு பக்கம் குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற, வயது கூடிய தாய்மார்கள். மறுபக்கம் சிக்கலில்லாத பிரசவங்கள். அந்தச் சுருக்கம் முழு ஆய்வுக் கட்டுரையாக வெளிவரவே இல்லை. ஆயினும் செய்தி பரவியது. மருந்தைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனமே இதைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு எழுதியது.

அடுத்த ஆண்டே கனடாவின் மருத்துவர்கள் சேர்ந்து சரியான ஒப்பீட்டைச் செய்தார்கள். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற தாய்மார்களையே இருபுறமும் வைத்து, 911 குழந்தைகளைப் பார்த்தார்கள். பிறவிக் குறை லெட்ரசோலில் 2.4 சதவீதம், குளோமிஃபீனில் 4.8 சதவீதம். எந்த இதயக் குறையைச் சொல்லி அச்சம் கிளம்பியதோ, அது லெட்ரசோல் குழந்தைகளிடம் குறைவாகவே இருந்தது. 2014 ஆய்வில் லெட்ரசோல் பக்கம் நான்கு குழந்தைகளுக்கும் குளோமிஃபீன் பக்கம் ஒரு குழந்தைக்கும் பிறவிக் குறை இருந்தது. எண்ணிக்கை சிறிது, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், லெட்ரசோல் குழந்தைக்குக் குளோமிஃபீனைவிடக் கூடுதல் ஆபத்து தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்தியா இதற்கு நடுவில் 2011 அக்டோபரில் கருத்தரிப்புக்கு லெட்ரசோலைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உரிய அனுமதி இல்லாமல் ஒரு மருந்தைப் பெண்களிடம் பயன்படுத்துகிறார்கள் என்ற புகாரை அரசு பொருட்படுத்தியது சரியே. நம் நாட்டில் பெண்களின் உடல்மேல் கேள்வி கேட்காமல் மருந்துகள் ஏவப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் 2014இன் முடிவுகள் வந்த பிறகும் தடை தொடர்ந்தது. 2017இல்தான் நீங்கியது. குளோமிஃபீனுக்கு முட்டை வளராத எத்தனையோ பெண்கள் அந்த ஆண்டுகளில் அடுத்த படியாக விலை கூடிய ஹார்மோன் ஊசிக்கும், அதையும் தாண்டி லட்சங்கள் கேட்கும் ஐவிஎஃப்புக்கும் போக நேர்ந்தது. முப்பதைக் கடந்த பெண்ணுக்கு மூன்று ஆண்டு என்பது சின்ன இழப்பு அல்ல. தடை போடுவதற்கு இருக்கும் விரைவு, புதிய சான்று வந்ததும் அதை எடுத்துப் பார்ப்பதற்கும் வேண்டும்.

பக்கவிளைவுகள்

இரண்டிலும் பெரிய தொந்தரவு பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. குளோமிஃபீனில் திடீரென உடல் காந்துவது போன்ற சூடு, எரிச்சல், அழுகை வருவது போன்ற மனநிலை மாற்றம் கூடுதல். வீட்டில் இருப்பவர்கள் அதை மருந்தின் வேலை என்று புரிந்துகொள்ள வேண்டும். மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பெயர் வைக்கக் கூடாது. கண் மங்கினாலோ, கண்முன் புள்ளிகளும் மின்னலும் தெரிந்தாலோ குளோமிஃபீனை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லெட்ரசோலில் களைப்பும் தலைசுற்றலும் சற்று கூடுதல். எந்த மருந்தானாலும் வயிறு திடீரென உப்பி, வலித்து, மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது; சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கலாம். மாத்திரைகளில் அது அரிது என்றாலும் ஆபத்தானது.

குளோமிஃபீனை 50 மில்லிகிராமில் தொடங்கி 150 வரையும், லெட்ரசோலை 2.5இல் தொடங்கி 7.5 வரையும் கூட்டுவது வழக்கம். ஆறு சுற்றுகளுக்கு மேல் அதே மாத்திரையை நீட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு. முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத் தானாக வாங்கிச் சாப்பிடுவது பெரும் தவறு. மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது ஏற்கெனவே கரு உண்டாகியிருக்கலாம்; அதைச் சோதித்து உறுதி செய்யாமல் இரண்டில் எதையும் தொடக் கூடாது.

மெட்ஃபார்மின் எங்கே நிற்கிறது?

இந்த இரண்டோடு மூன்றாவதாக மெட்ஃபார்மின் மாத்திரையும் பல சீட்டுகளில் இருக்கும். சர்க்கரை நோய்க்கு அப்பாவோ அத்தையோ சாப்பிடும் அதே மாத்திரை. இன்சுலின் கோளாற்றைத் தணிப்பதால், 1990களில் பிசிஓஎஸ்ஸுக்கும் இதைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். முட்டை வெளிப்படுவது கூடியது என்று முதல் ஆய்வுகள் உற்சாகம் தந்தன. 2007இல் லெக்ரோ குழுவினர் 626 பெண்களிடம் பிறந்த குழந்தைகளை எண்ணினார்கள். குளோமிஃபீன் மட்டும் எடுத்தவர்களில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 26.8 சதவீதம். குழந்தைக்காக மெட்ஃபார்மினை மட்டும் நம்பி மாதங்களைக் கழிப்பது பலருக்கு வீண் காத்திருப்பு என்று அந்த எண்கள் உணர்த்தின. சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கும், இன்சுலின் கோளாறு தெளிவாக உள்ளவர்களுக்கும் அது துணை மருந்தாகப் பயன்படும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் தொடக்கத்தில் வரலாம். சாப்பாட்டோடு சேர்த்து, சிறு அளவில் தொடங்கினால் அடங்கும். நீண்ட நாள் எடுப்பவர்கள், குறிப்பாக மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள், பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு எழுதுவதற்கு முன்

எந்த மாத்திரை சிறந்தது என்று விவாதிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று நம் வீடுகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. கணவரின் விந்துப் பரிசோதனை. பெண்ணுக்கு நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால் குறை முழுதும் அவள் பக்கம் என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. மாதாமாதம் மாத்திரை, ஸ்கேன், ஊசி என்று அவள் அலைகிறாள். எளிய ஒரு சோதனைக்கு அவன் வர மறுக்கிறான். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் லெட்ரசோலும் உதவாது, குளோமிஃபீனும் உதவாது. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை அளவு, தேவைப்பட்டால் கருக்குழாய் அடைப்பு ஆகியவற்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கரு உருவாகும் முன்பே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கியிருக்க வேண்டும்.

எடை கூடியவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வரத் தொடங்கும். அதைச் சொல்லும் விதம் முக்கியம். "முதல்ல உடம்பக் குறைச்சிட்டு வா" என்று துரத்திவிடுவது மருத்துவம் ஆகாது; பிசிஓஎஸ்ஸில் எடை ஏறுவதே நோயின் ஒரு பகுதி. உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையோடு சேர்ந்தே நடக்கலாம்.

ஒப்பீட்டின் முடிவு

பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை, கருப்பை உள்வரி, உடலில் தங்கும் காலம், இரட்டைக் கருவின் வாய்ப்பு ஆகிய நான்கிலும் சாய்வு லெட்ரசோல் பக்கமே. அனுபவத்தின் நீளத்தில் குளோமிஃபீன் முந்துகிறது. எடை குறைந்த பெண்களிடம் அதன் பலனும் மதிக்கத்தக்கது. குழந்தையின் பாதுகாப்பில், இன்று கையிலுள்ள சான்றுகளின்படி, லெட்ரசோல் பின்தங்கவில்லை. ஆகவே புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பிசிஓஎஸ் பெண்ணுக்கு முதல் மருந்து லெட்ரசோலாக இருப்பதே பொருத்தம். குளோமிஃபீன் கையில் இருக்கும் மாற்று வழி.

இதை மருத்துவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது. நீங்கள் எழுதியது எந்த மாத்திரை, ஏன் அது, எத்தனை சுற்று வரை பார்க்கப் போகிறீர்கள், வராவிட்டால் அடுத்தது என்ன என்ற நான்கு கேள்விகளைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு தம்பதிக்கும் உண்டு. கூட்டம் நிறைந்த அறையில்கூட அதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். தன் உடலுக்குள் போகும் மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்த பெண், மருந்துக்கடையில் ஒரு வார்த்தைக்காகப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடமாட்டாள். பலன் இல்லாத மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டும் இருக்கமாட்டாள்.